சிவப்புக்கு நேர் சிவப்பு

சிவப்புக்கு நேராகச் சிவப்பு, பிறகு வலப்பக்கமாகத் திருப்பவும், டக்கென்ற சத்தம் கேட்டதும் சுவிட்சைப் போடவும். ஜூஸரோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதை இங்கிலீஷில் ஒருமுறை வாசித்து, மனசுக்குள் தமிழாக்கி இன்னொருமுறை வாசித்து, ஏதாவது ஒரு வார்த்தையைத் தாண்டிவிட்டோமோ என்று வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தியும் பார்த்துவிட்டாள் அனுசுயா. எதையும் தாண்டவில்லை. மூடியில் சிவப்பு இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பு இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டுதான் நின்றன. ஜூஸர் மட்டும் ஓடவில்லை. நீளவாக்கில் நறுக்கிய கேரட் தட்டில் கிடந்து ஓரம் வெளுத்துக்கொண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும், அதற்குப் பிறகு அத்தை, கணவன் யுவராஜின் அம்மா, சாமிக்கு விளக்கேற்றி முடிக்கிற வரைக்கும்தான் அவளுக்கு நேரம். அத்தை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவைப் பாதி சாத்தியபடி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "நான் குளிச்சு சாமி கும்பிட்டுட்டு வர்றேன் அனு. அதுக்குள்ள ஓடலைன்னா உங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுர்றேன். வாங்குனவருக்குத்தான கடை தெரியும்? வந்து எடுத்துட்டுப் போயி மாத்திக் குடுத்துரட்டும்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. காய்கறிக்காரரிடம் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுக்கிற குரலில், சாதாரணமாக, ஒரு சிரிப்போடு சொன்னாள். அந்தச் சிரிப்புதான் அனுசுயாவின் காதுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வருவார். அதுதான் அவளுக்குப் பயம். வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷர். போனை வைத்த கையோடு எடப்பாடியிலிருந்து பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு, சேலத்துக்கு வந்து, இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியை ஆறவிட்டுக் குடித்து, நல்லா இருக்கிற ஒரு பொருளைக் குற்றவாளி மாதிரி தூக்கிக்கொண்டு போவார்.

அது நல்லா இருக்கிற பொருள்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இல்லை, சந்தேகம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நேற்றிரவு கொஞ்சம் இருந்தது. காலையில் எழுந்ததும் அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் சொருகினாள், ஏறியது. ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தாள், எங்கும் அறுபடவில்லை. மோட்டார் பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி, அதிகச் சுமை ஏறினால் தானாக அணைந்துபோகிற அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கினாள். அது முன்பே உள்ளேதான் இருந்தது. ஜூஸர் கிண்ணத்தை எடுத்துவிட்டு மிக்ஸி ஜாரைப் பெட்டியின் மேல் வைத்தபோது மோட்டார் கொர்ரென்று ஓடியது. ஆகவே மோட்டாரில் ஒன்றும் இல்லை. கோளாறு மாட்டுவதில்தான். கிண்ணம், கிண்ணத்துக்குள் பல் வைத்த சல்லடை, சல்லடைக்கு மேல் மூடி, மூடியின் வாயில் தள்ளுகட்டை. நாலே நாலு. மூடி சரியாகப் பூட்டினால்தான் உள்ளே கரண்ட் போகும், இல்லாவிட்டால் போகாது, யாராவது விரலை விட்டுவிடக் கூடாதே என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். விரலை விடுகிற ஆள் அவள் இல்லை. சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, பிளக்கைப் பிடுங்கி, பிடுங்கிய பிளக்கைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேடையில் வைத்துவிட்டு, அதன் பிறகும் சுவிட்சை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சல்லடையைத் தொடுவாள். அப்படியும் அந்தச் சின்னச் சின்னப் பல்வரிசையைப் பார்க்கும்போது விரல் நுனி கூசியது. மறுபடியும் மூடியை வைத்தாள். சிவப்புக்கு நேராகச் சிவப்பு. திருப்பினாள். டக். கேட்டதா? கேட்டது. இல்லை, அது வளையலா? அது வளையல்தான். வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி திருப்பினாள். மூடி கொஞ்சம் நகர்ந்து நின்றது. சத்தம் வரவில்லை. டக்கென்று கேட்கும் என்று எழுதினவனுக்கு எத்தனை டக், எவ்வளவு பெரிய டக், யார் வீட்டுச் சமையலறையில் கேட்கிற டக் என்று எழுதக் கை வலித்ததா?

யாருடைய ஜூஸர் என்பதில்தான் அவளுக்கு எரிந்தது. ஆவணியில் கல்யாணம். அப்பா வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ் கார்த்திகைக்குள்ளாகவே "நம்ம ஃபிரிட்ஜ்" ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா ஐஸ் கேட்டு வரும்போது அத்தை "எங்க ஃபிரிட்ஜுல ஐஸ் சீக்கிரம் கட்டும்" என்று பெருமையாகச் சொல்வதை அவளே கேட்டிருக்கிறாள். கட்டில் "யுவா கட்டில்". பீரோ "பெரிய பீரோ". எதற்கும் அப்பா பெயர் இல்லை. ஒருநாள்கூட ஓட்டிப் பார்க்காமல் பரணில் கிடந்த ஜூஸர் மட்டும் நேற்று இறங்கி வந்து, ஓடமாட்டேன் என்று நின்றதும், ஒரே நொடியில் "உங்க வீட்டு ஜூஸர்" ஆகிவிட்டது. ஓடுகிறதெல்லாம் இவர்கள் வீட்டுடையது, நின்றுபோனதெல்லாம் அவள் வீட்டுடையது. நாளைக்கு ஃபிரிட்ஜ் நின்றால் அதுவும் பொழுது விடிவதற்குள் எடப்பாடிக்குத் திரும்பிப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் சீர் பரப்பியிருந்த இடத்தில், அத்தையின் தங்கை இந்தச் சல்லடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிக்ஸியிலயே அடிச்சு வடிகட்டுனா ஆச்சு, இதுக்குன்னு ஒண்ணு" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அப்போது அப்பா பக்கத்தில்தான் நின்றார். புது வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஜூஸரை அவர் கடையில் கட்டிக் கொடுத்த சணலோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர். மேலே வைக்கலாமே என்று கண்டக்டர் சொன்னதற்கு, வேண்டாங்க, உள்ள பல்லெல்லாம் இருக்குது, ஆடக் கூடாது என்று சொன்னவர். கட்டிட வேலையில் சென்ட்ரிங் பலகை தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு ஏறிய மனுஷர் ஒரு ஜூஸரை ஆடாமல் கொண்டு வந்தார். அத்தையின் தங்கை சொன்னதற்கும் அவர் சிரித்தார். இதோ இந்தச் சிரிப்பைத்தான், இரண்டு பக்கத்திலும் சிரிக்கிற இந்தச் சிரிப்பைத்தான், அவளால் தாங்க முடியவில்லை.

"என்னங்க இஞ்சினியரம்மா, டிரான்ஸ்ஃபார்மரே மாட்டுவீங்க, கேரட் ஜூஸுக்கா இந்தப் பாடு?" யுவராஜ் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் போன். கணவன்தான், கெட்டவன் இல்லை, இதை அவளால் சத்தியமாகச் சொல்ல முடியும். ஆனால் விளையாட்டு என்று நினைத்து அவன் வீசுகிற ஒவ்வொன்றும் குறிபார்த்த மாதிரி வந்து விழும். "நீங்க வந்து மாட்டுங்களேன்" என்றாள். "எனக்கென்ன தெரியும், நான் பி.காம்" என்றான். "உங்கம்மா எங்கப்பாவுக்குப் போன் பண்ணப் போறாங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "விடு அனு, போன் பண்ணா என்ன, மாமா ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டாரு." தப்பாக நினைக்கமாட்டார். அதுதானே! அவர் தப்பாக நினைக்கமாட்டார் என்பதை வைத்துத்தானே எல்லாம் நடக்கிறது! அவன் போய்விட்டான். ஹாலில் யாரோ சமையல் சொல்லித் தருகிற வீடியோ ஓடத் தொடங்கியது. அவள் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். தகுதியுள்ள நபரிடம் மட்டுமே பழுது பார்க்கக் கொடுக்கவும். தகுதியுள்ள நபர். மின்னியலில் பட்டம். அவள் வீட்டில், அவள் வம்சத்தில், அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான் அந்தத் தகுதியுள்ள நபர். ஊரில் எந்த வீட்டில் பல்ப் எரியாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோதெல்லாம் அவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே போயிருக்கிறாள். நாலு வருஷ லேபில் எதைத் தொட விட்டார்கள்? "நீங்க ரீடிங் எழுதுங்கம்மா, பசங்க கனெக்ஷன் குடுக்கட்டும்" என்பார் லேப் உதவியாளர். எழுதினாள். பிழையில்லாமல் எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். ஒயரைப் பிடித்தவன் கை தகுதியானது, மீட்டரில் முள் எங்கே நின்றது என்று எழுதினவள் கை வெறும் கை. இப்போது மட்டும் எல்லாருக்கும் இஞ்சினியர் ஞாபகம் வருகிறது. ஒரு மூடிக்கு. ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. குளியலறைத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது, ஈரக் கால் தரையில் பட்டுப் பட்டு நகர்ந்தது, பூஜை அலமாரிக் கதவு திறந்தது. அவசரப்படாதே. மூடியைக் கழற்று. சல்லடை உட்கார்ந்திருக்கிறதா? உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு அமுக்கு அமுக்கலாம். சல்லடை சரியாக உட்காராவிட்டாலும் மூடி பூட்டாது என்று எங்கேயோ படித்தோமா, நாமாக நினைத்துக்கொள்கிறோமா? அத்தை போனில் பேசப்போவது அவளுக்கு இப்போதே கேட்டது: ஒண்ணுமில்லீங்ண்ணா, அந்த ஜூஸரு. அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பா முழுசாகக் கேட்கக்கூட மாட்டார். "தப்பாப் போச்சுங்க" என்று தொடங்கிவிடுவார். எங்கே எப்போது யார் முகம் சுளித்தாலும் அதுதான் அவர் வாயிலிருந்து முதலில் வரும். காலேஜில் சேர்ந்த அன்று ஆபீஸ் கிளார்க் இவளுடைய சாதிச் சான்றிதழைத் தன் மேஜையில் ஏதோ ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டு, கொடுக்கவேயில்லை என்று கத்தினார். கொடுத்தோம், என் கையால் கொடுத்தேன் என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, "தப்பாப் போச்சுங்க சார், மன்னிச்சுக்குங்க சார், இன்னொண்ணு வாங்கியாந்து குடுத்துர்றனுங்க" என்றார். பேசிக்கொண்டே கிளார்க் அந்த ஃபைலைத் தூக்கினார். சான்றிதழ் அங்கேயே கிடந்தது. கிளார்க் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அப்பாதான், "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். அன்றைக்கு அந்தக் கிளார்க் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரிது. வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வாசல் வந்ததும், "பசிக்குதா கண்ணு" என்று மட்டும் கேட்டார்.

மணி அடிக்கத் தொடங்கியது. ஊதுபத்தி வாசனை சமையலறைக்குள் வந்தது. அவள் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, கட்டைவிரலை அந்தச் சிவப்பின் மேலேயே வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தித் திருப்பினாள். வியர்வையில் விரல் வழுக்கியது. கையை எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் முழுக்கச் சிவப்பு. ஐயோ, அறுத்துவிட்டது! பல் மேல் பட்டுவிட்டது, தெரியவில்லை, ஆழமாக வெட்டினால் உடனே வலிக்காது என்பார்கள், எத்தனை தையல் போடுவார்களோ, அதற்கும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்களோ. குழாயைத் திறந்து விரலை நீட்டினாள். சிவப்பு கரைந்து ஓடியது. அடியில் தோல் சுத்தமாக இருந்தது. கீறல்கூட இல்லை. நெற்றியைத் துடைத்தோமா, அந்தக் குங்குமமா? இல்லை, நெற்றியில் இருப்பது ஒட்டுப்பொட்டு. விரலை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். குங்குமம்தான். மூடியைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு அடையாளம் ஒரு பக்கமாக இழுபட்டு வால் விட்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தாள், பாதி போனது. அழுத்தித் தேய்த்தாள், பிளாஸ்டிக்கில் ஏறிய ரோஸ் நிறம் மட்டும் நின்றது. ஆயுத பூஜை! அவளுக்கு முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு அத்தை வீட்டிலிருந்த ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் தொட்டு அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். பைக்குக்கு, வாஷிங் மிஷினுக்கு, அயர்ன்பாக்ஸுக்கு, டிவி ரிமோட்டுக்குக்கூட. "அதையும் பரண்லருந்து இறக்குங்கடா, புதுசு, அதுக்கும் வைக்கணும்" என்று இந்த ஜூஸரைப் பெட்டியோடு இறக்கவைத்து, ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்து, மூடியின் நெற்றியில், நட்ட நடுவில், அழகாக ஒரு பொட்டு வைத்தாள். மூடிக்கு நெற்றி எது என்று அத்தைதான் முடிவு செய்தாள். பூஜை முடிந்து அப்படியே பெட்டிக்குள் போய்விட்டது. நேற்று இறக்கியதும் அனுசுயாவே துடைத்தாள். சந்தனம் போனது, குங்குமம் தங்கிவிட்டது. அந்தக் குங்குமத்துக்கு நேராகத்தான் இத்தனை நேரமும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் மூடியின் உண்மையான அடையாளம்? மூடியைச் சுற்றிக்கொண்டே போனாள். சக்கை வெளியே தள்ளுகிற பக்கத்தில், நேற்று துணி எட்டாத மூலையில், பூஜையன்று வழிந்திருந்த ஒரு சந்தனத் தீற்றல் காய்ந்து பொருக்காக நின்றது. நகத்தால் சுரண்டினாள். அடியில், மிளகளவு, அச்சில் வார்த்த ஒரு சிவப்பு.

யார் மேல் கோபப்படுவது? பொட்டு வைத்தவள் மேலா? பக்தியாகத்தான் வைத்தாள், அப்பா கொடுத்த பொருளை மதித்துத்தான் வைத்தாள். எழுதியவன் மேலா? அவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். தன் மேலா? சிவப்பு என்றதும் சிவப்பைத் தேடியது தப்பா? இறங்க இடம் கிடைக்காத கோபம் உடம்புக்குள்ளேயே சுற்றியது. மூடியைச் சரியான இடத்தில் வைத்தாள். திருப்பினாள். டக். வளையல் முழங்கையில் இருந்தது; இது மூடிதான். சந்தேகமே வேண்டாத டக். பிளக்கை எடுக்கக் கை நீட்டியபோது ஹாலிலிருந்து ரிங் போகிற சத்தம் வந்தது. அத்தையின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். மணிச் சத்தம் எப்போது நின்றது? "அத்தை, ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தாள். அது ஹாலை எட்டவில்லை. அதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

"வணக்கங்ண்ணா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்லீங்ண்ணா, அந்த ஜூஸரு குடுத்தீங்கல்ல, அது ஓடவே—"

"தப்பாப் போச்சுங்க சம்பந்தியம்மா" என்றது அப்பாவின் குரல். "மன்னிச்சுக்குங்க. கடைக்காரன் பழசைக் குடுத்துட்டானாட்ட இருக்குது. நான் இப்பவே கிளம்பி வந்து எடுத்துக்கிறனுங்க."

அவள் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். வெறும் சல்லடை, கேரட் இல்லை, ஒன்றும் இல்லை, முழு வேகத்தில் விட்டாள். மேடையே அதிர்ந்தது, தட்டில் கரண்டி நடுங்கியது, அந்த ஊளைச் சத்தம் ஹால் வரைக்கும் போய் எல்லார் பேச்சையும் அடித்து விழுங்கியது. அத்தை போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள். "ஏய், அணைம்மா, காது கிழியுது! எப்படி ஓடுச்சு?" யுவராஜும் பின்னால் வந்து நின்றான். அவள் அணைத்தாள். சல்லடை சுற்றி ஓய்வதற்குள் சொல்லிவிட்டாள்: "ஆயுத பூஜைக்கு நீங்க வச்ச பொட்டு அத்தை. அதை மூடியோட அடையாளம்னு நினைச்சு நான்தான் தப்பா மாட்டிட்டிருந்தேன். மிஷின்ல ஒண்ணுமில்ல."

"அப்ப நான் பொட்டு வச்சது குத்தமா?"

"குத்தம்னு நான் சொல்லல."

"படிச்ச புள்ளைக்குப் பொட்டுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று அத்தை யுவராஜைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் போனான், அனுசுயாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

போனுக்குள்ளிருந்து அப்பா, "புள்ளைக்குத் தெரியாமப் போச்சுங்க சம்பந்தியம்மா, நான் சொல்றனுங்க, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அனுசுயா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அத்தையின் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அத்தையும் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, நீங்க வர வேண்டாம். இப்பக் கேட்டுச்சில்ல, அது நீங்க வாங்கிக் குடுத்த மிஷின் ஓடுற சத்தம்."

"கேட்டுச்சு கண்ணு. சரி கண்ணு. விடு."

"விடமாட்டேன். மிஷின் நல்லாத்தான் இருக்குன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க."

"அவுங்களுக்கே கேட்டிருக்குமே."

"நீங்க சொல்லுங்கப்பா. ஸ்பீக்கர்ல இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் மணி கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அப்பா தெருவில்தான் நிற்கிறார் போல. பஸ்ஸுக்குக் கிளம்பியேவிட்டாரோ! அவள் போனை இரண்டு கையாலும் பிடித்து அத்தைக்கு நேராக நீட்டினாள். அத்தை போனைப் பார்க்காமல் இவளையே பார்த்தாள்.

"மிஷினு" என்றார் அப்பா. தொண்டையைச் செருமினார். "மிஷினு நல்லாத்தாங்க இருக்குது, சம்பந்தியம்மா."

சொல்லி முடித்ததும் அவர் மூச்சை உள்ளே இழுப்பது ஸ்பீக்கரில் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால் என்ன வார்த்தை வரும் என்று அனுசுயாவுக்குத் தெரியும். அது வருவதற்குள் போனை அணைத்தாள்.